லயத்துக் காம்பரா முதல் கல்யாண மண்டபம் வரை: உள்ளறைப் படங்களில் நிறம் கெடாமல் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாப்பிள்ளையின் பட்டு வேட்டி பச்சை தட்டுகிறது. மணப்பெண்ணின் முகம் ஊதா. பக்கத்தில் நிற்கும் மாமா மட்டும் மஞ்சளாக இருக்கிறார். மலையகத்தில் நிகழ்ச்சிப் படம் எடுக்க இறங்கும் எல்லோரும் சீக்கிரமே வந்து முட்டுகிற இடம் இது. முட்டியதும் கணினியில் உட்கார்ந்து ஸ்லைடரை இழுக்கிறார்கள். முகத்தைச் சரிசெய்தால் சுவர் கெடுகிறது, சுவரைச் சரிசெய்தால் முகம் கெடுகிறது.

எந்த ஒளியை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கமராவுக்குச் சொல்லும் அளவுதான் வைட் பேலன்ஸ். ஒரு படம் முழுவதுக்கும் ஒரே ஒரு வைட் பேலன்ஸ்தான் கொடுக்கலாம். அறைக்குள் மூன்று விதமான ஒளி இருந்தால் அதில் ஒன்றுக்குத்தான் அந்த அளவு பொருந்தும். அதனால் முதலில் அறையின் ஒளி, அப்புறம் கமரா, கடைசியாகத்தான் கணினி. இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. புறப்படும் முன் பையில் இருக்க வேண்டியவை

ரா கோப்பு எடுக்கக்கூடிய கமரா அல்லது போன். ஜேபெக்கில் கமரா தானே நிறத்தை முடிவு செய்து, மீதித் தகவலைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ரா கோப்பில் வைட் பேலன்ஸ் வெறும் குறிப்பாகத்தான் இருக்கும், பிறகு சேதமில்லாமல் மாற்றலாம். இடம் போதாது என்று ஜேபெக்கில் எடுப்பவர்கள் இன்னொரு மெமரி கார்டை வாங்கிக்கொள்வது நல்லது.

சாம்பல் அட்டை ஒன்று, ஒளியின் நிறத்தை அளக்க. கமராக் கடையில் கிடைக்கும், உள்ளங்கை அளவு போதும். வெள்ளைக் கடதாசி அதற்குப் பதிலாகாது. ஏன் என்று 5ஆம் படியில் சொல்கிறேன்.

வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்று, ஒளியைத் திருப்பிவிட. கறுப்புத் துணி ஒன்று, வேண்டாத ஒளியை மறைக்க.

பிளாஷ் இருந்தால் அதற்கு ஆரஞ்சு நிற ஜெல் தாள், முழு சிடிஓவும் அரை சிடிஓவும். முடிந்தால் பிளஸ் கிரீன் என்ற இளம்பச்சைத் தாளும். டொபி சுற்றிய கலர் தாளை ஒட்டி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள் எவ்வளவு நிறத்தை மாற்றும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அடுத்த முறை அதே பலன் கிடைக்காது.

கடைசியாக, சொந்தமாக இரண்டு மூன்று எல்ஈடி பல்புகள். எல்லாம் ஒரே கம்பனி, ஒரே வகை, 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று பெட்டியில் போட்டிருப்பவை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ என்ற எண் 90க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்குங்கள். சாதாரண எல்ஈடி பல்புகளில் இது 80 அளவில்தான் இருக்கும், அந்த ஒளியில் குங்குமமும் சிவப்புச் சேலையும் உயிரில்லாமல் தெரியும். வீட்டுக்கு வீடு ஹோல்டர் மாறும் என்பதால் பின் வகையிலும் திருகு வகையிலும் வைத்திருங்கள்.

2. உள்ளே போனதும் என்னென்ன ஒளி இருக்கிறது என்று பார்ப்பது

நம் கண்ணை நம்ப முடியாது. அறைக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் மூளை எல்லாவற்றையும் வெள்ளையாக்கிக் காட்டிவிடும். எனவே கமராவின் வைட் பேலன்சை 5000 கெல்வினில் பூட்டிவிட்டு, அறையின் நாலு பக்கமும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஆட்டோவில் விட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை, கமராவும் நம் மூளை மாதிரியே மழுப்பிவிடும். பூட்டி எடுத்த படத்தில் எந்த விளக்கு மஞ்சள், எது நீலம், எது பச்சை என்று பளிச்செனத் தெரியும்.

தோராயமான அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்குச் சுடர் 1900 கெல்வின் அளவில் இருக்கும். பழைய குண்டு பல்ப் 2700, ஹலோஜன் 3200. நடுப்பகல் வெயில் 5500 அளவு. மேகம் மூடிய வானம் 6500, நிழல் 7000க்கு மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். கடையில் ‘டேலைட்’ என்று விற்கும் டியூப் லைட்டும் எல்ஈடியும் பெரும்பாலும் 6500.

இதில் மலைநாட்டுக்கு என்று ஒரு விசேஷம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மழையும் மூடுபனியும் கொண்டுவரும். அப்போது வாசலால் வரும் ஒளி மெல்லிய நீலச் சாம்பல். அதே நாட்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயில் அடிக்கலாம். ஹட்டனில் எடுத்த செட்டிங்கை மறுநாள் பண்டாரவளைக்குக் கொண்டுபோனால் படம் மஞ்சளடிக்கும்.

கெல்வின் என்பது மஞ்சள்–நீலம் என்ற ஒரு திசையை மட்டும்தான் சொல்லும். பச்சை–மெஜன்டா (ஊதாச் சிவப்பு) என்று இன்னொரு திசை உண்டு, மென்பொருள்களில் அதற்கு ‘டின்ட்’ என்று பெயர். டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசம் பச்சை ஒளியைத் தூக்கலாக வெளிவிடும். அதனால்தான் டியூப் லைட் படத்தில் கெல்வினை எவ்வளவு இழுத்தாலும் முகம் நோயாளி மாதிரியே இருக்கிறது. புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான்: கோளாறு ஒரு திசையில் இருக்கும், இவர்கள் மற்றத் திசையில் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

3. அறையின் ஒளியை ஒரே இனமாக்குவது

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் மீதி வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆனால் இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள், வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சம்.

லயத்துக் காம்பராவில் ஒரு சடங்கு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இஸ்தோப்பு, ஒரு வாசல், சின்ன ஜன்னல். மேலே தகரம், நடுவில் தொங்கும் ஒரு பல்ப். சுவருக்கு நீலமோ பச்சையோ அடித்திருப்பார்கள். பிள்ளையை நடுவில் நாற்காலியில் இருத்தி, பின்னால் சேலை கட்டி அலங்காரம் செய்திருக்கிறார்கள். வாசல் பக்கக் கன்னத்தில் மூடுபனியின் நீலம், தலையில் பல்பின் மஞ்சள், மற்றக் கன்னத்தில் சுவரின் பச்சை. ஒரு முகத்தில் மூன்று நிறம். இதை எந்த மென்பொருளும் சுலபமாகத் தீர்க்காது.

பகலாக இருந்தால் பல்பை அணைத்துவிடுங்கள். “அக்கா, அஞ்சு நிமிசத்துக்கு லைட்டை நிப்பாட்டிக்கிறேன், படம் நல்லா வரும்” என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்புங்கள். மூடுபனி ஒளி மென்மையானது, முகத்தில் கடும் நிழல் விழாது. மற்றப் பக்கம் இருட்டாக இருந்தால் ரெஜிபோம் பலகையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அது சுவரின் பச்சையையும் மறைக்கும், இருட்டையும் தூக்கும்.

விளக்கை அணைக்க முடியாத நேரமும் உண்டு. சமைக்கிறார்கள், பெரியவர்கள் நடமாடுகிறார்கள். அப்போது வீட்டுக்காரரிடம் கேட்டு, மஞ்சள் பல்பைக் கழற்றி உங்களுடைய 6500 கெல்வின் பல்பை மாட்டுங்கள். அது மேகமூட்டமான பகலொளிக்குக் கிட்டத்தட்டச் சமம். வாசல் ஒளியும் பல்ப் ஒளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், பச்சை–மெஜன்டாவில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் சுவிட்சை நிப்பாட்டுங்கள், வேலை முடிந்ததும் அவர்களுடைய பல்பைத் திரும்ப மாட்டிக் கொடுங்கள்.

இரவானால் இன்னும் சுலபம். வெளியொளி இல்லை. ஒரே வகைப் பல்புகளை மட்டும் எரியவிட்டு, மற்றவற்றை அணைத்தால் போதும். சுவரில் மினுங்கும் சீரியல் லைட் பின்னணியில் சின்னச் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், அதை அணைத்து வீட்டின் கொண்டாட்டத்தைக் கெடுக்க வேண்டாம்.

மண்டபத்தில் எல்லா விளக்கும் உங்கள் கையில் இல்லை. ஆனால் மேடைக்கு மேலே இருப்பது எந்த சுவிட்ச் என்று பராமரிப்பாளருக்குத் தெரியும். சனம் வரும் முன் போய் அவரைப் பிடித்துக் கேளுங்கள். மேடை ஒரே ஒளியில் இருந்தால் போதும், சாப்பாட்டு மேசைப் பக்கம் எந்த நிறத்தில் எரிந்தாலும் நமக்குக் கவலையில்லை.

மறக்கக்கூடாத ஒன்று வீடியோக்காரரின் எல்ஈடி பெனல். அவர் 3200இல் வைத்திருக்க, மேடை விளக்கு 6500 என்றால் மணமக்கள் மட்டும் ஆரஞ்சாவார்கள். “அண்ணே, உங்க லைட்டை 5600ல வைப்பமா?” என்று ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள். அவருக்கும் அது நன்மைதான்.

4. ஷட்டர் வேகத்தை மின்சாரத்தோடு பொருத்துவது

இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/250, 1/500 என்று வேகமாக எடுத்தால், அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டுதான் கமராவில் விழும். ஒரு படம் மஞ்சள், அடுத்த படம் பச்சை, மூன்றாவதில் பாதி இருட்டு. கமரா பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

1/100 அல்லது 1/50இல் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்று அடங்கிவிடும், நிறம் ஒரே மாதிரி வரும். ஆட்கள் அசையும் நேரம் 1/100, அசையாத குழுப்படத்துக்கு 1/50. சத்தம் வராது என்று இலத்திரனியல் ஷட்டரைப் போடாதீர்கள், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கமராவில் மினுக்கத்தைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

நிறத்தை அளப்பதற்கு முன் ஷட்டரைச் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வேகமான ஷட்டரில் அளந்த வைட் பேலன்ஸ், மங்கிய நொடியின் நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். அவசர விளக்குகள் பெரும்பாலும் நீலம் தூக்கல்.

5. சாம்பல் அட்டையால் அளப்பது

அட்டையைப் பிடிக்க வேண்டிய இடம் படம் எடுக்கப்படுபவரின் முகத்துக்குப் பக்கத்தில். பலர் தாங்கள் நிற்கும் இடத்திலேயே கையை நீட்டி அட்டையைப் படம் எடுத்துவிட்டு, பத்தடி தள்ளி மேடையில் இருப்பவருக்கு அந்த அளவைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே விழும் ஒளி வேறு.

அட்டை கமராவைப் பார்த்து, முக்கிய ஒளியின் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கட்டும். பளபளப்பு விழக்கூடாது. பிடிப்பவரின் சிவப்புச் சட்டை அட்டையில் எதிரொளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவாக வெளிச்சம் வைத்து, அட்டை படத்தின் நடுப்பகுதியை நிரப்பும்படி எடுங்கள். மிக வெளிறினாலும் மிக இருண்டாலும் அளவு பிழைக்கும்.

கனன் கமராவில் அந்தப் படத்தை எடுத்த பிறகு மெனுவில் கஸ்டம் வைட் பேலன்ஸ் போய் அந்தப் படத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். அதோடு முடியவில்லை. வைட் பேலன்ஸ் வகையையும் கஸ்டம் அடையாளத்துக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிட்டு, “அளந்தும் சரிவரல்லியே” என்று கேட்பவர்கள்தான் அதிகம். நிக்கொன் கமராவில் ‘பிரிசெட் மெனுவல்’ என்பதைத் தெரிவுசெய்து, எழுத்து மின்னும்போது அட்டையைப் பார்த்து ஷட்டரை அழுத்த வேண்டும். சோனியில் கஸ்டம் செட் என்று மெனுவிலேயே அளக்கும் வசதி இருக்கிறது.

போனில் ப்ரோ மோடுக்குப் போய் கெல்வினைக் கையால் வையுங்கள். பல போன்களில் டின்டுக்கு இடம் இருக்காது. பரவாயில்லை, அட்டையை ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு ரா கோப்பில் அதை வைத்துத் திருத்தலாம்.

இனி வெள்ளைப் பொருள்களின் கதை. சாம்பல் அட்டை இல்லாதபோது எல்லோரும் வேட்டியைத்தான் தேடுவார்கள். அந்த வேட்டி நீலம் போட்டு அலசியதாக இருக்கும். சவர்க்காரத் தூளில் துணியைப் பளிச்செனக் காட்டும் பொருளும் கலந்திருக்கும், அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். வாசல் பக்கம் நிற்கும்போது கண்ணுக்குத் தூய வெள்ளை, கமராவுக்கு நீலம். அந்த நீலத்தை வெள்ளை என்று கமராவுக்குச் சொன்னால், ஈடுகட்ட படம் முழுவதையும் மஞ்சளாக்கும். ஃபோட்டோகொப்பிக் கடதாசியும் இதே குணம்தான்.

சுண்ணாம்புச் சுவர் பழுத்திருக்கும். பீங்கான் கோப்பையில் கொஞ்சம் கிறீம் நிறம் இருக்கும். பல்லும் கண்வெள்ளையும் எப்போதுமே நடுநிலை நிறம் இல்லை. நெற்றியில் தடித்துப் பூசிக் காய்ந்த திருநீறு இவை எல்லாவற்றையும்விடப் பரவாயில்லை, ஆனால் சந்தனமோ குங்குமமோ கலந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

அறை மாறினால், வாசல் திறந்தால், பல்ப் மாறினால் திரும்ப அளக்க வேண்டும். காலையில் வீட்டில் அளந்ததோடு மாலை மண்டபத்திலும் எடுப்பது வழக்கமான பிழை.

6. பிளாஷ் போடுவதானால்

பிளாஷின் ஒளி 5500 கெல்வின் அளவில் இருக்கும். மஞ்சள் பல்ப் எரியும் மண்டபத்தில் அப்படியே அடித்தால் முன்னால் நிற்பவர்கள் நீலமாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் வரும். இதைத்தான் ஜெல் தாள் தீர்க்கிறது. முழு சிடிஓ, பிளாஷை 3200 அளவுக்குக் கொண்டுவரும், அரை சிடிஓ 3800 அளவுக்கு. மஞ்சள் பல்புக்கு முழுத் தாள் போட்டு, கமராவை 3200இல் வையுங்கள். பின்னணியில் இளஞ்சூடான மஞ்சள் கொஞ்சம் மிஞ்சும். அது அழகுதான்.

6500 எல்ஈடி எரியும் இடத்தில் தாள் வேண்டியதில்லை. டியூப் லைட் பச்சை அதிகம் தெரிந்தால் பிளாஷுக்கு பிளஸ் கிரீன் தாளைப் போட்டு, முழுப் படத்தையும் மெஜன்டா பக்கம் திருத்துங்கள். பச்சையைப் போக்க பிளாஷிலும் பச்சை போடுவதா என்று முதலில் குழப்பமாக இருக்கும். இரண்டு ஒளியையும் ஒரே நிறமாக்குகிறோம், ஒரே நிறமானால் ஒரே திருத்தத்தில் இரண்டும் நேராகும்.

சின்னக் காம்பராவில் இன்னொரு வழி: ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) குறைத்து, ஷட்டரை 1/200க்கு ஏற்றி, பிளாஷ் ஒளியே எல்லாம் என்று ஆக்கிவிடலாம். அறை விளக்கு படத்தில் ஏறாததால் மினுக்கமும் பிரச்சினையில்லை. பெரிய மண்டபத்தில் இதைச் செய்தால் பின்னணி இருண்டுபோகும்.

பிளாஷைக் கூரையில் மோதித் திருப்பும் பழக்கம் லயத்தில் உதவாது. தகரம் புகை படிந்து கறுத்திருக்கும். பச்சைச் சுவரில் திருப்பினால் முகத்துக்கு வருவது பச்சை ஒளி. ரெஜிபோம் பலகையில் திருப்புங்கள்.

7. தறப்பாள் பந்தல்

வாசலில் நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் அதன் கீழே எல்லாம் நீலம். பார்க்கப் பயமாக இருந்தாலும் கலப்பு ஒளியைவிட இது சுலபம், நீலம் எல்லா இடத்திலும் ஒரே அளவு. பந்தலுக்கு நடுவில் அட்டையை வைத்து அளந்தால் போதும். ஓரத்தில் பக்கவாட்டாகப் பகலொளி நுழையும் இடத்தில் ஆட்களை நிறுத்தாதீர்கள், பாதி முகம் செம்மஞ்சளாகிவிடும். சிவப்பு ஒளியைத் தறப்பாள் தடுத்துவிடுவதால், திருத்திய பின் சிவப்புப் பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்திருங்கள்.

8. மண்டபத்துக் கலர் லைட்

ஊதா, நீலம், ரோஸ் என்று சுழலும் விளக்குகளுக்கு வைட் பேலன்ஸ் என்று ஒன்று கிடையாது. தனி நீல ஒளியில் சிவப்பும் பச்சையும் இல்லவே இல்லை. இல்லாத நிறத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

செய்யக்கூடியது இரண்டு. விளக்குக்காரரிடம், “தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் கலரை நிப்பாட்டி வெள்ளையைப் போடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது ஒன்று. அது நடக்காவிட்டால் ஹிஸ்டோகிராமை (கமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தை) மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும் வகையில் வைத்து, ஒரு நிறம் வலது ஓரத்தில் முட்டாதபடி வெளிச்சத்தைக் குறைத்து எடுப்பது. முட்டிவிட்டால் முகம் நீலச் சாந்து அப்பியதுபோலத் தட்டையாகும். அப்படி வந்த படம் உணர்ச்சியில் நல்ல படமாக இருந்தால் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுங்கள். சண்டை பிடித்து நிறத்தை மீட்பதில் பயனில்லை.

9. எதைத் திருத்தக்கூடாது, எதைத் துல்லியமாகத் திருத்த வேண்டும்

குத்துவிளக்குச் சுடரை வெள்ளையாக்க முயலாதீர்கள். பல கமராக்களில் கெல்வின் 2500க்குக் கீழே இறங்காது, இறங்கினாலும் கோயில் படம் ஆஸ்பத்திரிப் படம் மாதிரி ஆகிவிடும். 3000 முதல் 3400 வரை வைத்து, மஞ்சளை மிச்சம் வையுங்கள். கோயிலில் மூலஸ்தானத்தைப் படம் எடுக்கலாமா என்று ஐயரிடம் கேட்டுக்கொள்வது தனி.

மஞ்சள் பூசிய முகம் இன்னொரு பொறி. சடங்கு வீட்டில் பிள்ளையின் கன்னத்திலும் கழுத்திலும் மஞ்சள் இருக்கும். ஆட்டோ வைட் பேலன்ஸ் அதை ஒளியின் பிழை என்று எண்ணி, படத்தை நீலப்பக்கம் தள்ளும். கணினியிலும் ஆட்டோ பொத்தான் அதையே செய்யும். அம்மா ஆசையாகப் பூசிவிட்ட மஞ்சள் காணாமல் போய், பிள்ளை வெளிறிப்போய் நிற்கும். அட்டையால் அளந்து பூட்டியிருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

இதற்கு நேர்மாறானது தேயிலை. விற்பனைக்காகத் தேயிலைத் தூளையும் அதை ஊற்றி வடித்த சாயத்தையும் படம் எடுக்கச் சொன்னால், அங்கே அழகுக்கு இடமில்லை. சாயத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குபவர் தரத்தை எடைபோடுவார். கொஞ்சம் பச்சை ஏறினாலும் சாயம் மந்தமாகத் தெரியும், மஞ்சள் ஏறினால் இல்லாத பிரகாசம் வந்து பிறகு வாங்கியவரிடம் பேச்சு வாங்க நேரும். பெக்டரிக்குள் டியூப் லைட்டும் கூரையின் ஒளிபுகும் தகடும் கலந்திருக்கும். கோப்பையை ஜன்னலோரம் கொண்டுபோய், அந்தப் பக்க விளக்கை அணைத்து, கோப்பைக்குப் பக்கத்தில் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

10. கணினியில் திருத்தும் வரிசை

முதலில் திரையைப் பாருங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். அது ஓட ஓடத் திருத்திய படங்கள் மறுநாள் காலையில் நீலமாகத் தெரியும். அறையில் கலர் பல்ப் எரியக்கூடாது, திரை வெளிச்சத்தையும் நடுத்தரமாக வையுங்கள்.

லைட்ரூம் இருந்தால் நல்லது. காசு செலவழிக்க முடியாவிட்டால் டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம், வேலைக்குப் போதும். போனில் ஸ்னாப்சீட்.

வெளிச்சத்தைத் தோராயமாகச் சரிசெய்துவிட்டு நிறத்துக்குப் போங்கள். இருண்ட படத்தில் நிறத்தைக் கண்ணால் எடைபோட முடியாது.

அட்டைப் படத்தைத் திறந்து, நிறம் உறிஞ்சும் கருவியை அட்டையின் மேல் அழுத்துங்கள். கெல்வினும் டின்டும் ஒன்றாக மாறும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் அட்டையில் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். அந்த அளவை அதே ஒளியில் எடுத்த மற்றப் படங்களுக்கெல்லாம் பிரதி செய்யுங்கள். ஒவ்வொரு படமாகக் கண்ணால் திருத்தினால் அல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும்.

அட்டை எடுக்காவிட்டால் முதலில் டின்டைத் திருத்துங்கள், பிறகு கெல்வினை. பச்சையோ மெஜன்டாவோ மிச்சம் இருக்கும்போது மஞ்சளா நீலமா என்று கண் தீர்மானிக்காது. முகத்தின் எண்களைப் பாருங்கள். நம்மவர் முகத்தில் சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் ஊதாப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். முகத்தை வெளுப்பாகக் காட்டச் சொல்லி வீட்டார் கேட்பார்கள், அது வேறு கோரிக்கை. அதை நிறத் திருத்தத்தோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

கலப்பு ஒளி தப்பி வந்துவிட்டால் முகத்துக்கு முழுப் படத்தையும் சரிசெய்துவிட்டு, மீதியை மாஸ்க் போட்டுத் தனியாகப் பாருங்கள். வாசல் பக்கம் நீலமாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் கெல்வினைச் சூட்டுப்பக்கம் ஏற்றுங்கள். மாஸ்க்கின் ஓரம் மென்மையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சுவரில் கோடு விழும். சில இடங்களில் நிறத்தைத் திருத்துவதைவிட அந்த ஒரு நிறத்தின் அடர்த்தியைக் குறைப்பது சுலபம். சுவரில் விழுந்த பச்சை வெறும் சாம்பலாக மாறினால் யாருடைய கண்ணும் அங்கே போகாது.

கலப்பு ஒளிப் படங்களில் நீண்ட நேரம் திருத்தாதீர்கள். கண் பழகிவிடும், பிழை சரியாகத் தெரியத் தொடங்கும். எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

11. அச்சுக்குக் கொடுக்கும்போது

படத்தை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல லெப்களில் நிறம் செத்து வரும். அல்பம் முழுவதையும் அடிக்கும் முன் வீடு, மண்டபம், பந்தல் என்று ஒவ்வோர் ஒளியிலிருந்தும் ஒரு முகப் படத்தைத் தெரிந்து, 4×6 அளவில் சோதனை அச்சு எடுங்கள்.

அந்த அச்சைக் கடைக்குள் டியூப் லைட்டின் கீழே பார்த்து முடிவு சொல்லாதீர்கள். வெளியே வந்து பகலொளியில் பாருங்கள். எல்லாப் படமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கோளாறு லெப்பிலோ உங்கள் திரையிலோ இருக்கிறது, “தானியங்கித் திருத்தம் போடாமல் அடிங்க” என்று கேட்டு ஒன்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு படம் மட்டும் சாய்ந்திருந்தால் அந்த அறையின் அட்டைப் படத்துக்குத் திரும்பிப் போய், அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.